காளான் கொட்டகைக்கு ஒரு சென்சார்: தொடர் அளவையா, ஒன்-ஷாட்டா, அலர்ட்டா?

கல்லிடைக்குறிச்சியில் சித்தி வீட்டுத் தோப்புக்குள் ஒரு ஓலைக் கொட்டகை இருக்கிறது. உள்ளே உறி மாதிரி தொங்கும் பாலித்தீன் பைகளில் சிப்பிக் காளான். ஆனி, ஆடியில் மேற்கே பொதிகையிலிருந்து சாரல் இறங்கும்போது கவலையே இல்லை. சித்திரை, வைகாசியில்தான் பாடு. கொட்டகைக்குள் 30 டிகிரியைத் தாண்டினால் மொட்டு வாடத் தொடங்கிவிடும். உடனே போய்ச் சாக்கை நனைத்துத் தொங்கவிட வேண்டும், தரை மணலுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கொட்டகைக்கு ஈபி லைன் கிடையாது. பக்கத்தில் இருக்கிற மோட்டார் சர்வீஸில் வேறு எதையும் மாட்டக் கூடாது. வீடோ ஒரு கூப்பிடு தூரத்துக்கும் அப்பால்.

"சூடு ஏறினா வீட்ல ஒரு சத்தம் கேக்கணும்லே, அவ்வளவுதான். மாசாமாசம் பேட்டரிக் கட்டை மாத்துன்னு மட்டும் சொல்லாத" என்றாள் சித்தி.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் நான் மாட்டிக்கொண்டேன். டிஜிட்டல் வெப்பச் சென்சார் சில்லுகள் எல்லாமே 'லோ பவர்' என்று தயாரிப்பாளர் தரும் விவரத்தாளின் (டேட்டாஷீட்) முதல் பக்கத்திலேயே எழுதிக்கொண்டுதான் வருகின்றன. எந்த மோடில், அதாவது எந்த இயங்கு விதத்தில், ஓட்டினால் அந்தப் பேச்சு உண்மையாகும் என்பது உள்ளே பத்துப் பக்கம் தள்ளி இருக்கும். ஒரு வருடமாக மூன்று இடங்களுக்கு மூன்று கருவி செய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். இதே குழப்பத்தில் இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் மோடுகளைப் பார்த்துவிடுவோம். பெயர்கள் சில்லுக்குச் சில்லு மாறினாலும் சங்கதி ஒன்றுதான். தொடர் அளவை என்றால் சில்லு தானாகவே அளந்துகொண்டே இருக்கும். நமக்கு வேண்டும்போது போய்ப் படித்துக்கொள்ளலாம். ஷட்டவுன் என்றால் மற்ற சில்லுகளோடு இரண்டு கம்பி வழியே பேசும் ஐ2சி பகுதி மட்டும் விழித்திருக்க, மற்றதெல்லாம் தூங்கும். ஒன்-ஷாட் என்பது ஷட்டவுனில் கிடக்கும் சில்லைத் தட்டி எழுப்பி, ஒரே ஒரு தடவை அளக்கச் சொல்லி, அது தானாகவே மறுபடி படுத்துக்கொள்வது. அலர்ட் என்பது தனி மோடு இல்லை. தொடர் அளவையோடு சேர்ந்து வருகிற வசதி. மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் எழுதி வைத்துவிட்டால், வெப்பம் எல்லையைத் தாண்டும்போது சில்லு தன் கால்களில் ஒன்றை, அதாவது ஒரு பின்னை, இழுத்து, கருவியை நடத்தும் குட்டிக் கணினியான மைக்ரோகன்ட்ரோலரை எழுப்பும். இவை தவிர ஐந்தாவதாக ஒரு முரட்டு வழியும் உண்டு: வேலை இல்லாத நேரத்தில் சென்சாருக்கு வரும் கரண்டையே வெட்டிவிடுவது.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்பி102-ஐ எடுத்துக்கொள்வோம், சித்திக்கு நான் போட்டது அதுதான். ஒரு அளவைக்கு 26 மில்லிசெகண்ட். அந்த நேரத்தில் சுமார் 40 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். ஒரு அளவைக்கும் அடுத்த அளவைக்கும் நடுவே 2.2 மைக்ரோ ஆம்பியர். ஷட்டவுனில் 0.5. கரண்ட் கொடுத்ததும் அது தானாகவே வினாடிக்கு 4 தடவை அளக்கத் தொடங்கிவிடும். அப்படியே விட்டால் சராசரி 7 மைக்ரோ ஆம்பியர். வேகத்தை 4 வினாடிக்கு ஒரு தடவை என்று குறைத்தால், கணக்குப்படி 2.5-க்கு வந்து நிற்கும்.

வேறு சில்லுகளோடு இதை ஒப்பிட நான் ஒரு அளவுகோல் வைத்துக்கொண்டேன்: ஒரு தடவை வெப்பம் பார்க்க எவ்வளவு மின்னூட்டம் செலவாகிறது? கரண்டை நேரத்தால் பெருக்கினால் போதும். டிஎம்பி102-க்கு 40 மைக்ரோ ஆம்பியர், 26 மில்லிசெகண்ட். பெருக்கினால் 1 மைக்ரோகூலும். மைக்ரோசிப்பின் எம்சிபி9808-க்கு 200 மைக்ரோ ஆம்பியர், முழு நுட்பத்தில் 250 மில்லிசெகண்ட், 50 மைக்ரோகூலும். எல்லோர் வீட்டு டப்பாவிலும் ஒன்றாவது கிடக்கும் டிஎஸ்18பி20-க்கு 1 மில்லி ஆம்பியர், அதன் முழு நுட்பமான 12 பிட்டில் 750 மில்லிசெகண்ட் வரை. ஆக 750 மைக்ரோகூலும். ஒரே வேலைக்கு ஒருவர் ஒரு ரூபாய் கேட்கிறார், இன்னொருவர் 750 ரூபாய் கேட்கிறார்!

இதைப் பார்த்ததும் டிஎஸ்18பி20-ஐத் தூக்கி எறியத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 10 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் அளக்கப்போகிறோம் என்றால் அந்த 750-ஐ 600 வினாடியால் வகுக்க வேண்டும், 1.25 மைக்ரோ ஆம்பியர்தான் வரும். சும்மா இருக்கும்போது எடுக்கும் 0.75-ஐக் கூட்டினால் மொத்தம் 2. டிஎம்பி102-ஐ மெதுவாகத் தொடர் அளவையில் ஓட்டுவதைவிட இது குறைவு. இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. எம்சிபி9808 ஷட்டவுனில் எடுப்பது வெறும் 0.1 மைக்ரோ ஆம்பியர், டிஎம்பி102-இன் ஐந்தில் ஒரு பங்கு. அதனால் சுமார் 2 நிமிடத்துக்குக் குறைவான இடைவெளியில் அளந்தால் டிஎம்பி102 சிக்கனம். அதற்கு மேல் போனால் எம்சிபி9808 சிக்கனம். அதே எம்சிபி9808-ஐத் தெரியாமல் தொடர் அளவையில் விட்டுவிட்டால் ஒரு நாளைக்கு 4.8 மில்லி ஆம்பியர்-மணி போய்விடும். 220 மில்லி ஆம்பியர்-மணி இருக்கிற ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி சுமார் ஒன்றரை மாதம்தான் தாங்கும். ஒரே சில்லு, அமைப்பில் ஒரே ஒரு பிட் (0 அல்லது 1) வித்தியாசம்.

ஆகவே இடைவெளியைச் சொல்லாமல் 'எந்தச் சில்லு குறைவாகத் தின்னும்' என்று கேட்பது, தூரம் சொல்லாமல் ஆட்டோ வாடகை கேட்கிற மாதிரி.

அப்புறம் மைக்ரோகன்ட்ரோலர். மேலே போட்ட கணக்கெல்லாம் சென்சாரின் பங்கு மட்டும்தான். ஒன்-ஷாட் என்றால் யாராவது எழுந்து தட்ட வேண்டுமே, அந்த யாரோ ஒருவர் கடிகாரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் பயன்படுத்துவது ஏடிமெகா328பி. அர்டுயினோ பலகையாக வைக்காமல் வெறும் சில்லாகப் போட்டு, பவர்-டவுன் என்ற ஆழ்ந்த தூக்கத்தில் படுக்க வைத்து, வோல்ட்டேஜ் குறைகிறதா என்று பார்க்கும் பிரவுன்-அவுட் கண்காணிப்பையும் அணைத்துவிட்டால் 3 வோல்ட்டில் 0.1 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் நேரத்துக்கு எழுப்பும் வாட்ச்டாக் டைமரை ஓடவிட்டால் 4.2 ஆகிவிடும். சென்சாரை 0.5-இல் தூங்க வைத்துவிட்டோம் என்று நாம் சந்தோஷப்படும்போது, அதை எழுப்புவதற்கென்று பக்கத்தில் ஒருவர் 4.2 செலவில் விழித்துக்கொண்டிருக்கிறார்.

குளத்துப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருப்பார். ராத்திரி முறைத் தண்ணீர் நம் வயலுக்கு வரும்போது வந்து கதவைத் தட்டுவார். அவர் இருக்கும்போது நாம் மணிக்கு ஒரு தடவை அலாரம் வைத்து எழுந்து டார்ச் அடித்துக்கொண்டு மடைக்குப் போக வேண்டியதில்லை. சென்சாரின் அலர்ட் வசதியும் அதே வேலையைத்தான் செய்கிறது. டிஎம்பி102-ஐ 4 வினாடிக்கு ஒரு தடவை அளக்கவிட்டு, அலர்ட் பின்னை மைக்ரோகன்ட்ரோலரைத் தூக்கத்திலிருந்து எழுப்பும் இன்டரப்ட் பின்னில் கட்டிவிட்டு, வாட்ச்டாக்கை அணைத்துவிட்டால் சென்சாருக்கு 2.5, கன்ட்ரோலருக்கு 0.1, மொத்தம் 2.6. ஒன்-ஷாட் வழியில் 0.5-உம் 4.2-உம் சேர்ந்து 4.7. தொடர் அளவைதான் செலவு அதிகம், ஒன்-ஷாட்தான் சிக்கனம் என்று நானும் பலகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். இங்கே கணக்கு தலைகீழாகிவிட்டது. அதுவும் 4 வினாடிக்கு ஒரு அளவை கிடைக்கிறது.

சித்தியின் கொட்டகைக்கு வேண்டியது இதுதான். பதிவேடு வேண்டாம், வரைபடம் வேண்டாம். 30-ஐத் தாண்டினால் ஒரு சத்தம்.

சரி என்று போன வருடம் பங்குனியிலேயே முதல் கருவியைச் செய்து மாட்டினேன். டிஎம்பி102, கன்ட்ரோலர், ஒரு பைசோ பஸ்ஸர், ஒரு சிஆர்2032. கணக்குப்படி ஒன்பது வருடம் வர வேண்டும். சரியாக ஒரு மாதத்தில் செத்துப்போனது. "ஒம்பது வருசம்னு சொன்ன, ஒம்பது வாரங்கூட வரலையே" என்று சித்தி போனில் சிரித்தாள். ஒரு தட்டுக் காளான் போய்விட்டது. அதை அவள் சொல்லவில்லை, சித்தப்பாதான் சொன்னார்.

தப்பு என்னுடையதுதான். அலர்ட் பின் ஓபன்-டிரெயின் வகை. அதாவது சில்லால் அதைக் கீழே இழுக்கத்தான் முடியும். மேலே தூக்குவதற்கு நாம் ஒரு புல்-அப் ரெசிஸ்டர் போட வேண்டும். கைவசம் இருந்த 10 கிலோ ஓம் போட்டேன். எச்சரிக்கை வந்தால் பின் உயர வேண்டும் என்பது படிக்க இயல்பாக இருக்கிறதே என்று பின்னின் திசையை முடிவு செய்யும் போலாரிட்டி பிட்டைத் திருப்பியும் வைத்தேன். விளைவு, எச்சரிக்கை இல்லாத நேரமெல்லாம் பின் கீழேயே இருந்தது. 3 வோல்ட், 10 கிலோ ஓம். 300 மைக்ரோ ஆம்பியர் ராப்பகலாக ரெசிஸ்டர் வழியே ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு 7.2 மில்லி ஆம்பியர்-மணி. 220-ஐ 7.2-ஆல் வகுத்துப் பாருங்கள், 30 நாள். இரண்டரை மைக்ரோ ஆம்பியருக்காக டேட்டாஷீட்டைக் கரைத்துக் குடித்தவன், ஒரு ரூபாய் ரெசிஸ்டரில் அதைப்போல நூறு மடங்கைக் கொட்டியிருக்கிறேன்.

போலாரிட்டியை இயல்பு நிலைக்கு மாற்றினால் மட்டும் போதாது. அலர்ட்டில் கம்பேரட்டர், இன்டரப்ட் என்று இரண்டு விதம் உண்டு. கம்பேரட்டர் விதத்தில் வெப்பம் மேல் எல்லைக்கு மேலே ஏறியதும் கீழே இழுக்கப்படும் பின், கீழ் எல்லைக்கு வரும்வரை அப்படியே இருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை நேரமும் ரெசிஸ்டரில் ஒழுக்கு. இன்டரப்ட் விதத்தில், தட்டியதும் கன்ட்ரோலர் எழுந்து சென்சாரின் ஒரு ரெஜிஸ்டரை (உள் நினைவுக் கட்டத்தை) படித்தால் போதும், பின் விடுபட்டுவிடும். அதற்குப் பிறகு வெப்பம் கீழ் எல்லைக்கு இறங்கும்போது இன்னொரு தடவை தட்டும். நான் மேலே 30, கீழே 27 என்று வைத்தேன். இப்போது சித்திக்கு இரண்டு செய்தி கிடைக்கிறது: சூடு ஏறிவிட்டது என்று ஒன்று, தண்ணீர் தெளித்தது வேலை செய்துவிட்டது என்று இன்னொன்று. இரண்டாவதை நான் யோசித்துச் செய்யவில்லை, சில்லின் குணத்தால் தானாக அமைந்தது. சித்திக்கு அதுதான் ரொம்பப் பிடித்திருக்கிறது.

கூடவே ஃபால்ட் க்யூ என்று ஒரு வசதி. எல்லையைத் தொடர்ந்து எத்தனை தடவை தாண்டினால் தட்ட வேண்டும் என்று 1, 2, 4, 6 இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 6 வைத்தால் 24 வினாடிக்கு அப்புறம்தான் சத்தம். யாராவது கதவைத் திறந்து ஒரு வெக்கைக் காற்று உள்ளே அடித்ததற்கெல்லாம் சித்தி ஓடி வர வேண்டாம்.

இந்த அலர்ட் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எச்சரிக்கை வந்தால்தான் பேசும் கருவி, பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? எல்லாம் நன்றாக இருக்கிறதா, கருவி செத்துக் கிடக்கிறதா? முதல் கருவி செத்ததே நாலு நாள் கழித்துத்தான் தெரிந்தது. நாளைக்கு ஒரு தடவையாவது 'இருக்கிறேன்' என்று சொல்ல வைக்கலாம். அதற்கு டைமர் வேண்டும், டைமர் என்றால் மறுபடி அந்த 4.2. சுற்றி வளைத்து ஆரம்பித்த இடத்துக்கே வந்துவிடுவோம். கடைசியில் நான் ஒரு பொத்தான் வைத்தேன். தினமும் காலையில் சித்தி தண்ணீர் தெளிக்கத்தானே கொட்டகைக்குப் போகிறாள், அப்போது ஒரு தடவை அமுக்கினால் பச்சை விளக்கு மினுக்கும், வீட்டில் ஒரு 'பீப்' கேட்கும். டைமர் வேலையைச் சித்தி பார்க்கிறாள், பேட்டரிச் செலவு இல்லாமல்.

வீட்டுக்குச் செய்தி அனுப்ப இரண்டாவது கருவியில் குறைந்த சக்தியில் தூரம் போகும் லோரா ரேடியோ சேர்த்தேன். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை நம் நாட்டில் லைசென்ஸ் தேவைப்படாத அலைவரிசை. அந்த ரேடியோவின் எஸ்எக்ஸ்1276 சில்லு தூங்கும்போது 0.2 மைக்ரோ ஆம்பியர்தான்; 13 டிபிஎம் சக்தியில் பேசும்போது 29 மில்லி ஆம்பியர். 50 மில்லிசெகண்ட் பேசினாலே 1,450 மைக்ரோகூலும் ஆகிவிடும். ஒரு செய்தி அனுப்பும் செலவில் டிஎம்பி102 ஆயிரத்து நானூறு தடவை வெப்பம் பார்த்துவிடும். சும்மா சும்மா அனுப்பாமல் இருப்பதுதான் இங்கே பெரிய சிக்கனம், மோடு எல்லாம் அப்புறம். பட்டன் பேட்டரி 29 மில்லி ஆம்பியரை இழுத்தால் மூச்சு வாங்கும் என்பதால் இரண்டு பென்டார்ச் பேட்டரிக்கு மாறினேன்.

இந்த இரண்டு பேட்டரியில் ஒரு வலை இருக்கிறது. புதிதில் இரண்டும் சேர்ந்து 3.2 வோல்ட் காட்டும். தீரும்போது ஒவ்வொன்றும் 0.9-க்குப் போய் மொத்தம் 1.8-இல் நிற்கும். டிஎம்பி102 1.4 வோல்ட் வரை வேலை செய்யும், ஆகவே கடைசிச் சொட்டுவரை ஓடும். எம்சிபி9808-க்குக் குறைந்தது 2.7 வேண்டும். டிஎஸ்18பி20-க்கும் பழைய எல்எம்75-க்கும் 3.0 வேண்டும். அவற்றை இரண்டு பேட்டரியில் போட்டால், பேட்டரியில் பெரும்பகுதி மிச்சமிருக்கும்போதே சென்சார் உளறத் தொடங்கிவிடும். மைக்ரோ ஆம்பியர் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த ஒரு வரியில் ஆட்டம் முடிந்துவிடும். எல்எம்75 பற்றி இன்னொன்று: தொடர் அளவையில் 250 மைக்ரோ ஆம்பியர், ஷட்டவுனில் 4. மலிவாகக் கிடைக்கிறது என்று பேட்டரிக் கருவிக்கு அதை வாங்காதீர்கள். அது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வாழ்ந்த ஆள்.

அடுத்தது பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த மருந்துக்கடை அண்ணாச்சி. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கரண்ட் போன நேரத்தில் அவருடைய ஃப்ரிட்ஜில் இருந்த இன்சுலின் எந்தச் சூட்டில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எதற்கு வம்பு என்று அத்தனையையும் ஒதுக்கிவிட்டார். "தம்பி, கரண்ட் போனாலும் எழுதிக்கிட்டே இருக்கணும். எப்ப எட்டைத் தாண்டுச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னு பேப்பர்ல காட்டணும்" என்றார்.

திறக்காத இன்சுலின் 2-இலிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு ஏறக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், உறையவும் கூடாது. இங்கே டிஎம்பி102-இன் அலர்ட் உதவாது. இன்டரப்ட் விதத்தில் மேல் எல்லையைத் தாண்டிய பிறகுதான் அது கீழ் எல்லையைக் கவனிக்கும். நேராக 2-க்குக் கீழே போனால் வாய் திறக்காது. தவிர, அதன் உத்தரவாதப் பிழை 2 டிகிரி வரை; 2-க்கும் 8-க்கும் நடுவே அது ரொம்ப அதிகம். டிஎம்பி117 கழித்தல் 20-இலிருந்து 50 டிகிரி வரை 0.1 டிகிரிக்குள் சொல்லும், விலைதான் கையைக் கடிக்கும். அதன் அலர்ட் மேலே போனாலும் தட்டும், கீழே போனாலும் தட்டும். 16 வினாடிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் 8 அளவைகளின் சராசரி என்று தொடர் அளவையில் விட்டால் என் கணக்கில் 2.3 மைக்ரோ ஆம்பியர் வருகிறது. அருமையான எண்தான்.

ஆனாலும் அண்ணாச்சிக்கு நான் ஒன்-ஷாட்தான் போட்டேன். காரணம் அந்தப் பேப்பர். 5 நிமிடத்துக்கு ஒரு பதிவு, நேரத்தோடு வேண்டும் என்றால் கடிகாரம் எப்படியும் ஓடியே ஆக வேண்டும். வாட்ச்டாக்கை நம்பி நேரம் எழுத முடியாது, நாளுக்கு நாள் நழுவும். பிசிஎஃப்8563 என்ற கடிகாரச் சில்லு 3 வோல்ட்டில் 0.25 மைக்ரோ ஆம்பியரில் ஓடுகிறது, குறித்த நேரத்தில் கன்ட்ரோலரைத் தட்டியும் எழுப்புகிறது. அதற்கான காசு கொடுத்தாகிவிட்டது. பிறகு சென்சாருக்குள் இன்னொரு கடிகாரம் எதற்கு? டிஎம்பி117 ஷட்டவுனில் 0.15, ஒரு அளவைக்கு, 8 சராசரியோடு, சுமார் 17 மைக்ரோகூலும். அதை 300 வினாடியால் வகுத்தால் ஒன்றுமில்லாமல் போய்விடும். சென்சாரும் கடிகாரமும் தூங்கும் கன்ட்ரோலரும் சேர்ந்து 0.6 மைக்ரோ ஆம்பியருக்குள். பதிவு எழுதும் செலவு தனி.

அப்படியானால் சித்திக்கும் இதே கடிகாரச் சில்லைப் போட்டு ஒன்-ஷாட்டில் ஓட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம், மொத்தம் ஒரு மைக்ரோ ஆம்பியருக்குள் அடங்கியிருக்கும். ஆனால் 2.6 மைக்ரோ ஆம்பியர் என்பதே வருடத்துக்கு 23 மில்லி ஆம்பியர்-மணிதான். பென்டார்ச் பேட்டரி அதற்கு முன்னால் வயதாகியே செத்துவிடும். மிச்சம் பிடிக்கிற அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு கிரிஸ்டலும், ஒரு சில்லும், ஈரக் கொட்டகையில் துருப்பிடிக்க நாலைந்து சால்டரும் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒன்-ஷாட்டில் ஒரு இடறல் உண்டு: அளந்து முடிப்பதற்குள் அவசரப்பட்டுப் படித்துவிடுவது. டிஎம்பி102 பழைய அளவையே எடுத்துக் கொடுக்கும், நம்மால் கண்டுபிடிக்கவே முடியாது. கரண்ட் கொடுத்தவுடன் படித்தால் 0 டிகிரி என்று சொல்லும். ஃப்ரிட்ஜுக்குள் அந்த எண்ணைப் பார்த்தால் அண்ணாச்சிக்கு நெஞ்சு அடைத்துவிடும். டிஎம்பி117 அதே நிலையில் கழித்தல் 256 என்கிறது, சின்னப் பிள்ளைகூட நம்பாது. எனக்கு இந்தச் சில்லின் மேல் மரியாதை வந்ததே இதனால்தான். அளவை முடிந்ததா என்று சொல்லும் பிட் இரண்டிலுமே இருக்கிறது, பார்த்துவிட்டுப் படியுங்கள்.

காத்திருக்கும் நேரத்தில் கன்ட்ரோலரையும் தூங்க வையுங்கள். நிரலில் டிலே போட்டுவிட்டு விழித்தபடி நின்றால் 8 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 3 மில்லி ஆம்பியர் தின்னும். டிஎம்பி102-இன் 26 மில்லிசெகண்டுக்கு 78 மைக்ரோகூலும். சென்சார் தின்றதோ 1. டிஎஸ்18பி20-ஐ 750 மில்லிசெகண்ட் காத்திருந்தால் 2,250. நண்பர்கள் காட்டிய நிரல்களில் நான் அதிகம் பார்த்த வீண் செலவு இதுதான்.

மூன்றாவது இடம் சேரன்மகாதேவிப் பக்கம் அத்தான் ஒருவருடைய உரக்குவியல். வாழை மட்டையும் சாணியும் போட்டு அடுக்கியது, உள்ளே 60 டிகிரி வரை போகும். அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தால் தாராளம். இங்கே யோசிக்க ஒன்றுமில்லை: எஃகுக் குழாயில் அடைத்து வரும் டிஎஸ்18பி20, மூன்று பேட்டரி. 750-ஐ 1,800-ஆல் வகுத்தால் 0.4, அதுவும் சும்மா இருக்கும் 0.75-உம் சேர்ந்து 1.2. மைக்ரோகூலும் கணக்கில் கடைசியில் நின்ற சில்லு, இடத்துக்கு ஏற்ற உடம்போடு வருவதால் இங்கே ஜெயிக்கிறது. போலிகள் நிறைய உலவுகின்றன, அவற்றுக்கு இந்த எண்கள் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சில்லுக்கு எப்போதுமே ஒன்-ஷாட்தான், சொன்னால்தான் அளக்கும். அலாரம் எல்லைகள் உண்டு, ஆனால் அது யாரையும் எழுப்பாது. நாம் எழுந்து போய் 'யாருக்காவது எல்லை தாண்டியிருக்கிறதா' என்று கேட்டால் கை தூக்கும். பாரசைட் பவர், அதாவது தனிக் கரண்ட் கம்பி இல்லாமல் டேட்டா கம்பியிலிருந்தே கரண்ட் எடுப்பது, என்பதைப் பலர் மின்சிக்கனம் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஒரு கம்பி மிச்சம், அவ்வளவுதான். அளக்கும்போது அதே 1 மில்லி ஆம்பியர் எடுக்கத்தான் செய்யும்.

அத்தானுக்கு நான் கரண்டை வெட்டும் முரட்டு வழியையும் சேர்த்தேன், சென்சாருக்குக் கன்ட்ரோலரின் பின் ஒன்றிலிருந்தே கரண்ட். முதல் நாளே 85 டிகிரி என்று வந்தது. "குவியல் தீப்பிடிக்கப் போகுதா மாப்ளே?" என்று அத்தான் பதறிவிட்டார். கரண்ட் வந்ததும் டிஎஸ்18பி20 நினைவில் இருக்கும் எண் 85, அளப்பதற்குள் படித்துவிட்டேன். இந்த வழியில் இன்னொரு பொறி: புல்-அப் ரெசிஸ்டரை நேரே பேட்டரியில் கட்டிவிட்டுச் சென்சாரின் கரண்டை மட்டும் வெட்டினால், பல சில்லுகளில் டேட்டா பின் வழியாகவே உள்ளே கரண்ட் ஒழுகும். வெட்டுவதானால் ரெசிஸ்டரையும் சேர்த்து வெட்ட வேண்டும். டிஎம்பி102-க்கு இதனால் மிச்சமாவது அரை மைக்ரோ ஆம்பியர். பதிலுக்கு ஒவ்வொரு தடவையும் எல்லைகளையும் வேகத்தையும் திரும்ப எழுத வேண்டும், கரண்ட் போனால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். சந்தையில் சிவப்பு விளக்கும் ரெகுலேட்டரும் ஒட்டி வரும் மாடியூல் பலகைகளுக்கு வேண்டுமானால் இது பொருந்தும். அந்த விளக்கைப் பிடுங்கிவிட்டால் அதுகூட வேண்டாம்.

இத்தனை எண்ணும் டேட்டாஷீட்டின் 'வழக்கமான' மதிப்பு, அறைச் சூட்டை ஒட்டி எடுத்தது. ஒழுக்குக் கரண்ட் சூட்டோடு ஏறும்; நம் ஊர் மே மாதத்து ஓலைக் கொட்டகை அறைச் சூட்டில் இருக்காது. டிஎம்பி102 ஷட்டவுனுக்கு 0.5 என்று போட்டிருந்தாலும் உச்ச வரம்பு 1. அந்த எண்ணை வைத்துத் திட்டமிடுவது நல்லது. கட்டி முடித்ததும் அளந்தும் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் போதும்: பேட்டரிக் கம்பியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அதன் இரு முனையிலும் வோல்ட்டேஜ் பார்த்தால் 1 மைக்ரோ ஆம்பியருக்கு 1 மில்லிவோல்ட். கருவி எழும்போதும் ரேடியோ பேசும்போதும் ரெசிஸ்டரை ஒரு கம்பியால் குறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் பற்றாமல் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். முதல் கருவியை மாட்டுவதற்கு முன்னால் இதைச் செய்திருந்தால் மீட்டரில் 300 தெரிந்திருக்கும்.

இரண்டாவது கருவியை மாட்டுவதற்கு முன்னால் சித்தி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அளந்தேன். 3.1 மில்லிவோல்ட் காட்டியது. கணக்கில் 2.6, ரேடியோவின் 0.2-ஐச் சேர்த்தால் 2.8, மிச்சம் எங்கோ ஒழுகுகிறது, இருந்துவிட்டுப் போகட்டும். வைகாசி முழுக்க மதியானத்தில் இரண்டு தடவை 'பீப்' கேட்டது. பேட்டரி இன்னும் மாற்றவில்லை. சித்தி காலையில் பொத்தானை அமுக்குவதை ஒரு நாள் மறந்துவிட்டால், சாயங்காலம் எனக்குப் போன் போட்டுச் சொல்கிறாள்.